வரி கொடுப்பவரும் கணக்குக் கேட்பவரும்

நகரசபைக்கும் பஞ்சாயத்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது ஒரு கேள்வி. அப்பணம் போன வழிக்கு யார், யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டையும் நாம் தனித்தனியே பிரித்து வைத்துப் பழகிவிட்டோம். முன்னதை நிதி இலாகாவின் அலுவல் என்றும், பின்னதைத் தணிக்கையாளரின் அலுவல் என்றும் எண்ணுகிறோம். ஆனால் இந்தியாவில் தல சுயாட்சி வளர்ந்த வரலாற்றைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்ப்போமாயின், வரி கொடுத்தவன் கணக்குக் கேட்கக்கூடிய இடத்தில் இருந்தானா, இல்லையா என்பதே அந்த வரலாற்றின் பெரும்பகுதி என்பது விளங்கும்.

மேனாட்டு முறையில் அமைந்த நம் முதல் நகரசபை சென்னப்பட்டணத்தில் தோன்றியது. 1687-ஆம் ஆண்டின் இறுதியில் வழங்கப்பட்ட சாசனத்தின்படி, 1688-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி மேயரும் ஆல்டர்மென்களும் பதவியேற்றனர். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சுயாட்சியில் அப்படியொரு பற்று எப்படிப் பிறந்தது என்று வியக்கத் தேவையில்லை. கோட்டைக்கும் பட்டணத்துக்கும் ஆகும் செலவு கம்பெனியின் கையைக் கடித்துக்கொண்டிருந்தது. கம்பெனி தன் அதிகாரத்தால் விதிக்கும் சிறு தொகையைக் காட்டிலும், தங்கள் பிரதிநிதிகள் விதிக்கும் பெருந்தொகையை ஜனங்கள் மனமுவந்து செலுத்துவார்கள் என்று லண்டனிலிருந்த டைரக்டர்கள் கணக்கிட்டனர். அந்தப் பணத்தில் நகர மண்டபமும் சிறைச்சாலையும் பள்ளிக்கூடமும் எழும்ப வேண்டும் என்பது திட்டம்.

ஜனங்களோ மனமுவக்கவில்லை. நேர்முக வரி என்றதும் எதிர்ப்புக் கிளம்பியது. நினைத்த கட்டடங்கள் நினைத்தபடி எழவில்லை. சில காலத்துக்குள்ளாகவே, தெருக்களைத் துப்புரவு செய்வதற்காவது பணம் வேண்டுமே என்று, நுகர்பொருள்கள் சிலவற்றின்மீது சுங்கம் வாங்க மேயர் அனுமதி கோர வேண்டியதாயிற்று. பின்னர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்திய நகரங்களின் கஜானாவை நிரப்பிய ஒரு பழக்கத்தின் முளையை நாம் இங்கே காண்கிறோம். வீட்டு வாசலில் போய்க் கேட்டால் கொடுக்க மறுக்கும் மனிதன், கடையில் வாங்கும் பண்டத்தின் விலைக்குள் மறைந்து வரும் வரியை முணுமுணுப்பின்றிக் கொடுத்துவிடுகிறான். கொடுத்ததே அவனுக்குத் தெரியாதபோது, அதற்குக் கணக்குக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு எப்படி உண்டாகும்?

இந்தியர்கள் இயல்பாகவே வரி கொடுக்க விருப்பமில்லாதவர்கள் என்று அக்காலத்து அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். இது அவசரமான முடிவு என்றே நமக்குத் தோன்றுகிறது. 1810-ஆம் ஆண்டில் கம்பெனி சர்க்கார் ஒரு ரெகுலேஷன் மூலம் காசி முதலிய நகரங்களில் வீட்டுவரி விதித்தது. காசிவாசிகள் கடைகளை அடைத்தனர், தொழிலை நிறுத்தினர், வீடுகளை விட்டு வெளியேறி வெட்டவெளியில் திரளாக உட்கார்ந்தனர். அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று கவனிக்கத்தக்கது. தங்கள் தெருக்களின் காவலுக்கென ஏற்கெனவே தாங்கள் பணம் கொடுத்து வருவதாக அவர்கள் எடுத்துக்காட்டினர். தெருக்கோடியில் நின்று இரவெல்லாம் விழித்திருக்கும் காவல்காரனுக்குக் கொடுப்பதில் அவர்களுக்குத் தடையில்லை. கண்காணாத கஜானாவில் போய்ச் சேரும் புதிய வரியைத்தான் அவர்கள் மறுத்தனர். சர்க்கார் அதனைக் கைவிட நேர்ந்தது. 1816-இல் பரேலி நகரத்தில் காவல் வரியை முன்னிட்டு எழுந்த கலகமோ இரத்தக் களரியில் முடிந்து, பலர் உயிரிழந்தனர்.

இந்த வரிசையில் சிரிப்புக்கிடமான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1842-ஆம் ஆண்டில் வங்காள மாகாணத்துக்கென ஒரு நகராட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. ஓர் ஊரில் வீடுடையோரில் மூன்றில் இரண்டு பங்கினர் விண்ணப்பித்தால் அச்சட்டத்தை அங்கே அமுல் செய்யலாம். ஒரே ஓர் ஊர்தான் முன்வந்தது. அங்கும் வரி கொடுக்கும் நாள் வந்ததும் ஊரார் மறுத்துவிட்டனர். வசூலிக்கச் சென்ற கலெக்டர்மீது, தங்கள் மனைக்குள் அத்துமீறி நுழைந்தார் என்று வழக்கும் தொடுத்துவிட்டனர்! சட்டம் அத்தோடு உறங்கிப்போயிற்று. 1850-ஆம் ஆண்டில் இந்தியா முழுமைக்குமாக வந்த சட்டம் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தது. மறைமுக வரிகளுக்கும் அது இடமளித்தது. பம்பாய் மாகாணத்திலும் வடமேற்கு மாகாணங்களிலும் அச்சட்டம் வேர்விட்டது. ‘ஆக்ட்ராய்’ எனப்படும் நகர நுழைவுச் சுங்கமும் உடன் வேர்விட்டது.

இங்கே நேயர்களுள் பலருக்கு உத்தரமேரூர் நினைவுக்கு வந்திருக்கும். முதற் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுக்கள் குடவோலை முறையைப் பற்றியவை என்று எல்லோரும் அறிவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரையும், அவனுடைய குறிப்பிட்ட சில உறவினரின் பெயர்களையும் குடத்தில் இடலாகாது என்ற விதியே அவற்றில் மிகக் கூர்மையானது என்போம். கணக்குக் காட்டாததற்குத் தண்டனை அபராதமன்று. மறுபடியும் அந்தப் பொறுப்புக்கு வர முடியாமை. அந்தச் சபை பிராமணர் ஊர் ஒன்றின் சபை. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோருக்கு மட்டுமே அங்கு இடமிருந்தது. ஆகவே அதனை இன்றைய குடியாட்சியின் தாய் என்று கொண்டாடுவது சற்று மிகையே. எனினும், பணத்தைக் கையாண்டவர் தம்மைத் தேர்ந்தெடுத்த சபையிடமே கணக்கை ஒப்புவிக்க வேண்டும் என்ற கருத்து இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு அக்கல்லே சாட்சி.

பிரிட்டிஷ் ஆட்சியில் கணக்கு மேல்நோக்கியே போயிற்று. 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மேயோ பிரபுவின் சர்க்கார் வெளியிட்ட தீர்மானத்தை எடுத்துக்கொள்வோம். போலீஸ், சிறை, கல்வி, வைத்தியம், சாலை முதலிய இலாகாக்கள் ஒரு குறிப்பிட்ட தொகையோடு மாகாணங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தொகை போதாவிடில் மாகாணங்களே வழி தேடிக்கொள்ள வேண்டும். மாகாணங்கள் தேடிய வழி யாதெனில், நிலத்தீர்வையின்மேல் சாலைக்கென்றும் கல்விக்கென்றும் ‘செஸ்’ விதிப்பது. வங்காளத்திலும் சென்னையிலும் 1871-இல் இதற்கான சட்டங்கள் பிறந்தன; பம்பாயில் 1869-லேயே பிறந்துவிட்டது. சுயாட்சி வளர வேண்டும் என்ற வாசகம் மேயோவின் தீர்மானத்தில் இருந்தது மெய்தான். ஆனால் அந்தச் செஸ்ஸைச் செலவிட்ட ஜில்லாக் கமிட்டிக்குத் தலைவர் கலெக்டர். அங்கத்தினர் அவர் பொறுக்கியெடுத்தவர்கள். குடியானவன் தீர்வையோடு சேர்த்து அதையும் கட்டினான். எது சர்க்காருக்கு, எது சாலைக்கு என்று அவன் பிரித்தறிந்தவனல்லன்.

நகரங்களின் நிலையோ இன்னும் விநோதமானது. நகரவாசிகள் கட்டிய வரியில் ஒரு பெரும்பகுதி போலீஸ் செலவுக்கே போயிற்று. போலீஸை நியமிப்பதும் நடத்துவதும் சர்க்கார். சம்பளம் மட்டும் நகரசபையின் பணம். சாக்கடையும் குடிநீரும் எஞ்சியதைக் கொண்டு திருப்திப்பட வேண்டும்.

ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதித் தீர்மானத்தைப் புகழ்வோர் பலரும் தேர்தலைப் பற்றியே பேசுவர். அத்தீர்மானத்தின் பணவியல் பகுதி அதைவிடக் குறைந்ததன்று. போலீஸ் செலவை நகரசபைகளின் தலையிலிருந்து இறக்கி, அதற்கு ஈடாகக் கல்வி, வைத்தியம் போன்ற தலக் காரியங்களை அவற்றிடம் விடுமாறு அது கூறிற்று. செலவு யாருடையதோ அதிகாரமும் அவருடையதாகவே இருக்க வேண்டும் என்ற நியாயம் முதன்முறையாக அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. உத்தியோகஸ்தரல்லாதார் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையலாகாது. கூடிய இடங்களில் தலைவரும் அவர்களுள் ஒருவராகவே இருத்தல் நலம். சர்க்கார் சபைக்குள் உட்கார்ந்து கட்டளையிடாமல் வெளியே நின்று கண்காணிக்க வேண்டும் — இவை அதன் மற்ற அம்சங்கள். நிர்வாகம் உடனே சீர்ப்படும் என்று ரிப்பன் எதிர்பார்க்கவில்லை. தவறு செய்து கற்றுக்கொள்ளும் ஒரு பள்ளிக்கூடமாகவே அவர் இச்சபைகளைக் கருதினார்.

பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார்கள் ஒத்துழைக்கவில்லை. பல மாகாணங்களில் ஜில்லா போர்டுகளின் தலைமையை மேலும் பல ஆண்டுகள் கலெக்டர்களே வகித்தனர். வரவு செலவுத் திட்டத்தில் போர்டு எழுதியதை மேலதிகாரி திருத்தினார். 1909-ஆம் ஆண்டு அதிகாரப் பரவல் கமிஷன், நகரசபைகளைத் தம் பட்ஜெட்டைத் தாமே அமைத்துக்கொள்ள விடும்படி சிபாரிசு செய்ததிலிருந்தே அதுவரை நிலைமை எப்படி இருந்தது என்பதை ஊகிக்கலாம்.

1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின்கீழ், தல ஸ்தாபனங்கள் விதிக்கக்கூடிய வரிகள் ஒரு தனிப்பட்டியலாக வகுக்கப்பட்டன. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பட்டியல் மறைந்தது. சுதந்திரத்துக்குப் பின் எழுதப்பட்ட அரசியலமைப்பிலும் அது திரும்பி வரவில்லை. 1951-இல் அறிக்கை தந்த பி. கே. வட்டல் தலைமையிலான தல நிதி விசாரணைக் கமிட்டியும், அதனைத் தொடர்ந்து டாக்டர் ஜான் மத்தாய் தலைமையில் 1953-54-இல் பணியாற்றிய வரி விசாரணைக் கமிஷனும், குறிப்பிட்ட சில வரிகள் தல ஸ்தாபனங்களுக்கே உரியவையாக ஒதுக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தின. அறிக்கைகள் அச்சாயின.

பல்வந்த்ராய் மேத்தா கமிட்டி 1957-இல் கொடுத்த அறிக்கையும், 1959-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று ராஜஸ்தானத்து நாகௌரில் பண்டித நேரு பஞ்சாயத்து ராஜ்யத்தைத் தொடங்கி வைத்ததும் நாடறிந்தவை. அவற்றின் பின்னே இருந்த பண விஷயத்தை ஆராய்ந்தவர், தமிழகம் தந்த நிதி நிபுணர் கே. சந்தானம். அவருடைய குழு 1963-இல் பஞ்சாயத்துக்களின் வருவாயைப் பரிசீலித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் தம் அண்டை வீட்டாரிடம் வரி வசூலிக்கத் தயங்குகிறார் என்பது அக்காலத்தில் எங்கும் எழுந்த முறையீடு. இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடலாகாது. நூறு வீடுள்ள கிராமத்தில் வரிபாக்கிக்காக ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை ஜப்தி செய்துவிட்டு, மறுநாள் அதே கிணற்றில் நீர் மொண்டு, அடுத்த தேர்தலில் அவரிடமே வாக்குக் கேட்பது எளிதன்று. தூரத்திலிருந்து வரும் மானியத்துக்கு இந்தச் சங்கடமில்லை. எவர் மனமும் நோகாமல் அது வந்து சேருகிறது. அது எங்கே போயிற்று என்று கேட்பதும் எவருக்கும் சொந்தக் காரியமாகத் தோன்றுவதில்லை.

மானியம் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. நிலத்தீர்வையின்மேல் போட்ட செஸ்ஸையே நம்பியிருந்த காலத்தில், நன்செய் மிகுந்த ஜில்லாக்களின் போர்டுகள் செழித்தன. வானம் பார்த்த பூமியையுடைய ஜில்லாக்களின் போர்டுகள் வாடின. ஏழை ஊருக்குப் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் வேண்டுமெனில் பணக்கார ஊரின் வரிப்பணம் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். அதைக் கொண்டு போக ஒரு மேலதிகாரம் தேவைதான். மேலிருந்து வந்த பணத்தின் கணக்கும் மேலேயே திரும்பிவிட வேண்டுமா என்பதுதான் நாம் கேட்பது.

1992-ஆம் ஆண்டின் 73, 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் 1993-இல் அமுலுக்கு வந்தன. ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் ஆகியவற்றோடு, ஒவ்வொரு ராஜ்யத்திலும் ஐந்தாண்டுக்கொருமுறை ஒரு நிதிக் கமிஷன் அமைக்கப்பட வேண்டும் என்றும் அவை விதித்தன. பத்தாவது மத்திய நிதிக் கமிஷன் முதல் மத்திய சர்க்காரின் மானியமும் நேரே கணக்கிடப்பட்டு வரத் தொடங்கிற்று. பதினைந்தாவது கமிஷன் 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்குத் தல ஸ்தாபனங்களுக்கென 4,36,361 கோடி ரூபாயைச் சிபாரிசு செய்தது. கணக்குகள் பொதுமக்கள் பார்வைக்கு வலைத்தளத்தில் கிடைக்க வேண்டும். நகரங்களில் சொத்துவரிக்கு ஒரு கீழ்வரம்பு விதிக்கப்பட வேண்டும். 2024 மார்ச்சுக்குப் பிறகும் தன் நிதிக் கமிஷன் கடமையை நிறைவேற்றாத ராஜ்யத்துக்கு மானியம் இல்லை — இத்தகைய நிபந்தனைகளும் உடன் வந்தன. கடைசி நிபந்தனை தேவைப்பட்டதே, ராஜ்யங்கள் அந்தக் கமிஷன்களை எவ்வளவு அசட்டையாக நடத்தின என்பதற்கு அத்தாட்சி.

கேரளம் மட்டும் வேறு வழியில் துணிந்தது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது, ராஜ்யத் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவிகிதம் வரை தல ஸ்தாபனங்களிடம் விடப்பட்டது. ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் எவ்வளவு என்பது பட்ஜெட்டின் தனி அநுபந்தமாக அச்சிடப்பட்டு, சட்டசபையில் வைக்கப்பட்டது. தம் ஊருக்கு வர வேண்டியது இவ்வளவு என்று ஓர் ஊரார் அச்சிட்ட ஏட்டைக் காட்டிப் பேச முடிந்தது. தொகை தெரிந்தால்தானே கணக்குக் கேட்க முடியும்?

மற்ற ராஜ்யங்களின் நிலையை ரிஸர்வ் பாங்கு 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 2020-21 முதல் 2022-23 வரையிலான ஆண்டுகளில் பஞ்சாயத்துக்களின் வருவாயில் அவை தாமே விதித்த வரியின் பங்கு ஏறத்தாழ ஒரு சதவிகிதம்; சுமார் 80 சதவிகிதம் மத்திய மானியம்; 15 சதவிகிதம் ராஜ்ய மானியம். நகரங்களிலோ, மிகப் பெரிய சொந்த வருவாயாயிருந்த நுழைவுச் சுங்கம் ஒவ்வொரு ராஜ்யமாக மறைந்து, இறுதியாகப் பம்பாயில் 2017 ஜூலை முதல் தேதியன்று பொருள் சேவை வரியில் கரைந்தது. அதன் இடத்திலும் வந்தது இழப்பீட்டு மானியமே.

இப்படிச் சொந்த வரியே இல்லாத இடத்தில், மானியப் பணத்துக்கே ஊரார் கணக்குக் கேட்ட ஒரு வரலாறும் உண்டு. அது கற்றறிந்தோரின் கமிட்டி அறையில் பிறக்கவில்லை. ராஜஸ்தானத்தில் வறட்சி நிவாரண வேலைக்குப் போன கூலிக்காரர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. ஏனென்று கேட்டபோது, அளவுப் புத்தகத்தின்படி அவர்கள் செய்த வேலை அவ்வளவுதான் என்று பதில் வந்தது. அப்படியானால் அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றனர். அது சர்க்கார் இரகசியம் என்றனர் அதிகாரிகள்! தோண்டிய பள்ளம் ஊர் நடுவே கிடக்கிறது. தோண்டியவன் எதிரே நிற்கிறான். பள்ளத்தின் அளவு மட்டும் இரகசியம்.

1990-இல் அமைந்த மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர் குடியானவர் அமைப்பு இந்த இரகசியத்தைப் பிடித்துக்கொண்டது. 1994-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, பாலி ஜில்லாவைச் சேர்ந்த கோட் கிரானா கிராமத்தில் ஊரார் முன்னிலையில் முதல் பொது விசாரணை நடந்தது. கிடைத்த மஸ்டர் ரோல்களும் பற்றுச்சீட்டுக்களும் உரக்கப் படிக்கப்பட்டன. இன்னார் இன்ன வேலையில் இத்தனை நாள் கூலி பெற்றார் என்று படிக்கப்பட்டதும், அங்கே உட்கார்ந்திருந்தவரே எழுந்து, தாம் அந்த வேலைக்கே போனதில்லை என்றார். கூரையில்லாமல் நின்ற கட்டடம் ஏட்டில் முடிந்த கட்டடமாக இருந்தது. பட்டம் பெற்ற தணிக்கையாளர் ஏட்டோடு ஏட்டை ஒத்துப் பார்ப்பார். கூட்டல் சரியாயிருந்தால் கையொப்பமிடுவார். ஏட்டைக் கண்ணெதிரே நிற்கும் சுவரோடும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரோடும் ஒத்துப் பார்க்கும் தணிக்கை அன்றைக்கு நடந்தது. எழுத்தறியாதவர்களே அதில் சிறந்த சாட்சிகளாயினர்.

கணக்கின் நகலைப் பணம் கட்டிப் பெறலாம் என்று 1995-இல் ராஜஸ்தான் முதலமைச்சர் சட்டசபையில் வாக்களித்தார். வாக்கு உத்தரவாக மாறாமற்போகவே, 1996 ஏப்ரலில் பியாவர் நகரத்தில் ஆரம்பித்த தர்ணா நாற்பது நாள் நீடித்தது. நகரத்து வியாபாரிகள் காய்கறி கொடுத்துதவினர். மறு ஆண்டு பஞ்சாயத்து விதிகள் திருத்தப்பட்டன. 2000-இல் ராஜஸ்தானத்துக்கும் 2005-இல் இந்தியா முழுமைக்கும் தகவல் பெறும் உரிமைச் சட்டங்கள் வந்தன.

2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் பதினேழாம் பிரிவில், கிராம சபையே பணிகளைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று விதித்தது. அதனை மெய்யாகவே எடுத்துக்கொண்ட ராஜ்யம் அன்றைய ஆந்திரம். செலவு செய்யும் இலாகாவின் கைக்கு வெளியே 2009-இல் ஒரு தனிச் சங்கம் அமைத்து, வேலை செய்த குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களைப் பயிற்றி, ஒவ்வொரு வீடாக அனுப்பிக் கூலிக் கணக்கை ஒத்துப் பார்க்கச் செய்தது. பல ராஜ்யங்களில் இத்தணிக்கை தலைவரின் திண்ணையில் ஒரு பிற்பகலில் முடிந்துபோயிற்று. கண்டுபிடித்த பணத்தைத் திரும்ப வசூலிப்பது எங்குமே அரிதாயிருந்தது. ஆந்திரத்திலும் கண்டுபிடிப்பது சங்கத்தின் வேலை. தண்டிப்பது இலாகாவின் வேலை. உத்தரமேரூரில் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடாமல் தடுத்த சபைக்கு இருந்த அதிகாரம் இந்தக் கிராம சபைக்கு இல்லை.

மேலும் அந்தப் பதினேழாம் பிரிவு பேசியது, மேலிருந்து வந்த ஒரு திட்டத்தின் பணத்தைப் பற்றி மட்டுமே. அதே கிராம சபை கூடும் ஆலமரத்தடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பஞ்சாயத்து ஆபீஸில் வாங்கப்படும் வீட்டுவரியும் குடிநீர்க் கட்டணமும் அப்பிரிவின் எல்லைக்குள் வரவில்லை.